மஞ்சள் ஹெல்மெட்டும் சாமியார்த் தலையும்

லோயிக் ஃப்ரேசாரின் அலமாரியில், ஹெல்மெட் இருக்க வேண்டிய மேல்தட்டில் ஒரு சீஸ் உட்கார்ந்திருந்தது.

உருண்டையாக, பழுப்புத் தோலோடு, வந்தவர்கள் யாரையும் சட்டை செய்யாமல் உட்கார்ந்திருந்தது. அந்த மலைப்பக்கத்தில் அந்த வகைச் சீஸுக்குச் சாமியார்த் தலை என்று பெயர். மேல்பக்கத்தைக் கத்தி வைத்துச் சுற்றிச் சுற்றிச் சுரண்டித் தின்பார்கள். சுரண்டச் சுரண்ட நடு மண்டை வழுக்கை விழுந்த துறவி போலவே ஆகிவிடும்.

பாஸ்தியன் கத்தான் குனிந்து அதை மோந்து பார்த்தான்.

"மேடம், சாட்சி வாயைத் திறக்க மாட்டேங்கறார். ஆனா வாடை மட்டும் நல்லா வருது."

"கையை வைக்காதே" என்றார் ஓடில் ஜொலிடோன்.

வால்நுவார் ஊருக்கு ஒரே தனியார் துப்பறிவாளர் ஓடில்தான். ஐம்பதைத் தாண்டியவர். கத்தரித்த நரைமுடி, எல்லாப் பருவத்துக்கும் ஒரே பச்சைக் கோட்டு. ஐஸ் ஹாக்கி பிடிக்காத ஒரே ஆளும் ஊரில் அவர்தான். உதவியாளன் பாஸ்தியனோ நேர் எதிர். அரங்கத்தின் தெற்குப் பக்கம் நின்று கத்திக் கத்தியே அவன் குரல் பாதி கரகரத்துப் போயிருந்தது. காலிறுதி, அரையிறுதி என்று போகும் பிளே-ஆஃப் சுற்று தொடங்கிய நாளிலிருந்து, அணி தோற்கும்வரை கத்தி படக்கூடாது என்று ஊர் ஆண்கள் எல்லாரையும் போல அவனும் சவரம் செய்யவில்லை. தாடி அரித்தது, சொறிந்துகொண்டான்.

"சீக்கிரம் ஏதாவது செய்யுங்க" என்றார் கிளப் தலைவர் மர்செல் புவாயா. கடிகார முட்கள் செய்யும் தொழிற்சாலை முதலாளி அவர். எங்கேயும் நேரத்துக்கு வந்து பழக்கமில்லாதவர். இன்றைக்குச் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நின்றதில் இருந்தே விஷயத்தின் தீவிரம் தெரிந்தது. "ரெண்டு மணிக்கு பஸ் கிளம்புது. ஹெல்மெட் இல்லாம கிளம்பினா நாம தோத்தோம்."

அது சாதாரண ஹெல்மெட் இல்லை. லீக்கில் ஒவ்வொரு அணியிலும் யார் அதிகப் புள்ளி எடுத்திருக்கிறாரோ அவர் மட்டும் மஞ்சள் ஹெல்மெட் போட்டு ஆடுவார். கோல் அடித்தாலும் புள்ளி, கோலுக்குப் பாஸ் கொடுத்தாலும் புள்ளி. வால்நுவாருக்கு அந்த மஞ்சள் நிறம் இந்த சீசனில் அதற்கும் மேலே ஒன்றாகியிருந்தது. அக்டோபரில் அணி கடைசி இடத்தில் கிடந்தது. நவம்பரில் பயிற்சியாளரை மாற்றினார்கள், புதியவரும் தோற்றார். ஜனவரியில் ரசிகர்கள் வீட்டிலிருந்தே விசில் கொண்டுவந்தார்கள், சொந்த அணிக்கே ஊதுவதற்கு. பிப்ரவரியில்தான் லோயிக்கையும் பின்லாந்துக்காரன் ஈரோ புல்க்காவையும் ஒரே வரிசையில் ஆட விட்டார்கள். அப்புறம் நின்றால் கோல், நடந்தால் கோல். கடைசி நாள் எட்டாவது இடத்தைத் தொற்றிக்கொண்டு காலிறுதிக்குள் நுழைந்து, பட்டியலில் முதலிடம் பிடித்த ஏரிக்கரை நகரத்துப் பணக்கார அணியோடு ஏழு ஆட்டத் தொடரில் மூன்றுக்கு மூன்று என்று நின்றார்கள். இன்று ஏழாவது ஆட்டம், அந்த நகரத்தில். ஜெயித்தால் அரையிறுதி. தோற்றால் சீசன் அதோடு முடிந்தது.

"கடைசியா ஹெல்மெட்டைப் பார்த்தது யாரு?" என்று கேட்டார் ஓடில்.

"நானேதான். வியாழக்கிழமை, ஆறாவது ஆட்டம் முடிஞ்சு எல்லாரும் உடை மாத்திக்கிட்டிருந்தப்போ லோயிக் கையில இருந்துச்சு. நேத்து லீவு, ரூம் பூட்டிக் கிடந்துச்சு. இன்னிக்குக் காலைல திறந்தா இது." புவாயா சீஸைக் காட்டினார், அது தன்னை வேண்டுமென்றே அவமானப்படுத்துவது போல.

"வெளி ஆள் வர முடியுமா?"

"கதவுக்கு ரகசிய எண் இருக்கு. அணிக்கு மட்டும்தான் தெரியும்."

"அப்போ அணிதான்" என்றது வாசல் பக்கமிருந்து ஒரு குரல்.

லோயிக் ஃப்ரேசார் நின்றிருந்தான். உயரமானவன், கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். வெளியே வெயிலில் பனி மின்னிக்கொண்டிருந்தது. ஊரில் பாதிப் பேர் அன்று அப்படித்தான் திரிந்தார்கள். உள்ளே வந்ததும் சுவரைத் தடவி இரண்டு விளக்குகளை அணைத்தான்.

"எடுத்தது ஈரோ. இதுக்குத் துப்பறியவே வேண்டாம். போன மாசம் பயிற்சியாளர் ஷூவுக்குள்ள சூடா ஃபோண்ட்யூ, ரொட்டிக்குத் தொட்டுக்கற உருக்கின சீஸை, ஊத்தினவன் அவன்."

"அது விளையாட்டு" என்றான் பாஸ்தியன். "அவனுக்கு ஷூவும் ரொட்டியும் ஒண்ணுதான். பயிற்சியாளர் சிரிச்சுட்டுப் போயிருக்கணும்."

"இது விளையாட்டு இல்ல. அவன் என்னைவிட ஒரே ஒரு புள்ளி கம்மி. வியாழக்கிழமை நான் அடிச்ச கடைசி கோல் ஞாபகம் இருக்கா? பாஸ் ஈரோ கொடுத்தது. வலது ஓரத்துலேருந்து நேரா என் மட்டைக்கு வச்சான். கஷ்டப்பட்டது அவன், கைதட்டல் எனக்கு. வயிறு எரியாதா?" நெற்றிப்பொட்டை விரலால் அழுத்திக்கொண்டான். "புவாயா, சொல்லிட்டேன். அவனோட ஒரே வரிசைல நான் இறங்க மாட்டேன். அவன் இருந்தா நான் இல்ல."

சொல்லிவிட்டுப் போய்விட்டான். புவாயாவின் முகம் அந்தச் சீஸின் நிறத்துக்கு வந்தது.

"மேடம், ஹெல்மெட் போனா போகட்டும். இவங்க ரெண்டு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசாம இறங்கினா ஏரிக்கரைக்காரன் எங்களைச் சுரண்டித் தின்னுடுவான்."

ஓடில் அலமாரியைப் பார்த்தார். ஜெர்சி அங்கேயே தொங்கியது. ஸ்கேட், கையுறை, மட்டை எல்லாம் இருந்தன. ஹெல்மெட் மட்டும்தான் இல்லை.

"பாஸ்தியன், ஹெல்மெட் எங்கே போச்சுன்னு நமக்குத் தெரியாது."

"தெரியாது மேடம்."

"சீஸ் எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்கலாம் இல்ல?"

"சாமியாரைக் கூட்டிட்டு வரட்டுமா?"

"கூட்டிட்டு வா. மரியாதையா."

பாஸ்தியன் சீஸைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

*

கொலெத்தின் பால்பண்ணை தேவாலயத்துக்குப் பின்னால் இருந்தது. ரப்பர் பூட்ஸோடு, ஈரத் தரையில் நின்று, அடுக்கடுக்காக இருந்த சீஸ்களை ஒவ்வொன்றாகத் திருப்பிவைத்துக்கொண்டிருந்தாள் அவள். பாஸ்தியன் துண்டைப் பிரித்ததும் இடுப்பில் கை வைத்தாள்.

"இது எங்க வீட்டுக் குழந்தையாச்சே. ஏன்டா இப்படி வேர்க்க வேர்க்கத் தூக்கிட்டு வர்றே?"

"கைது பண்ணியிருக்கோம் கொலெத். ஆள் மாறாட்டக் கேஸ்."

"நிச்சயமா உங்களோடதா?" என்றார் ஓடில்.

கொலெத் அதைத் தலைகீழாகத் திருப்பினாள். அடிப்பக்கத் தோலில் கிளப்பின் சின்னம் சூடு போட்டிருந்தது. காலையிலிருந்து சுமந்தவனுக்கு அதைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை. ஓடில் அவனை ஒரு பார்வை பார்த்தார். அவன் தாடிக்குள் ஒளிந்துகொண்டான்.

"சொந்த ஊர் ஆட்டத்துல நல்லா ஆடினவனுக்கு நான் ஒரு சீஸ் பரிசு தர்றது வழக்கம். அதுக்கு மட்டும்தான் இந்தச் சூடு. மாட்டுப் படம் தைச்ச துணிப்பைல போட்டு, ஐஸ் மேல வழுக்கி வழுக்கி நடந்து போய், என் கையாலேயே தருவேன்."

"இது யாருக்குக் கொடுத்தது?"

"சீசன்ல ஒரு தடவைதான் இவ்வளவு முத்தினதைத் தருவேன். வியாழக்கிழமை கொடுத்தது. லோயிக்குக்கு."

பாஸ்தியன் அந்தச் சூட்டுத் தழும்பை விரலால் தடவிப் பார்த்தான்.

"என்ன சொன்னான் வாங்கிக்கிட்டு?" என்றார் ஓடில்.

கொலெத்துக்கு அதில் இன்னும் வருத்தம் இருந்தது. "ஒரு நன்றி சொல்லணும்ல? 'பஸ் எத்தனை மணிக்கு?'ன்னான். சொந்த ஊர்ல ஆட்டம், வீடும் இங்கேயே. என்னைக் கிண்டல் பண்றானாம். கோல் அடிச்சா எல்லாருக்கும் தலைக்கனம் வந்துடுது."

பாஸ்தியன் சிரித்தான். ஓடில் சிரிக்கவில்லை.

வெளியே வந்ததும் பாஸ்தியன் சொன்னான்: "மேடம், இப்போ எல்லாம் தெளிவு. ஈரோ ஹெல்மெட்டை எடுத்தான். பக்கத்துலயே லோயிக்கோட சீஸ் இருந்துச்சு. 'உன் தலைக்கு இதுவே போதும்'னு அந்த இடத்துல அதை வச்சான். ஃபோண்ட்யூக்காரன் செய்யற வேலைதான்."

"அப்போ லோயிக்குக்கு ரெண்டு பொருள் காணாம போயிருக்கணும். ஹெல்மெட்டும் போச்சு, பரிசுச் சீஸும் போச்சு."

"ஆமா."

"ஒண்ணைப் பத்தித்தானே கத்தினான். தன் சீஸை அலமாரில பார்த்தப்புறம் கூட, இது என்னோடதுன்னு அவன் சொல்லவே இல்ல."

பாஸ்தியன் கக்கத்தில் இருந்ததைப் பார்த்தான். இந்த ஊரில் கொலெத்தின் பரிசை இழந்துவிட்டுச் சும்மா இருக்கிற ஆளை அவன் கண்டதில்லை.

*

ஈரோ புல்க்கா அரங்கத்தின் பின்கதவுப் படியில் உட்கார்ந்து மட்டைக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தான். பிரெஞ்சை அவன் தெற்குப் பக்க ரசிகர்களிடமிருந்து கற்றவன்; அதனால் அவனுக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி கெட்ட வார்த்தை. பெண்கள் எதிரில் அவன் பேச்சு ரொம்பச் சுருங்கிவிடும்.

"நான் எடுக்கல" என்றான்.

"நீ எடுத்திருந்தா என்ன செஞ்சிருப்பே?" என்றார் ஓடில்.

யோசித்தான். "ஹெல்மெட்டுக்குள்ள மீன் வைப்பேன். திரும்பக் கொடுப்பேன். சீஸை வீணாக்க மாட்டேன். சீஸைத் தின்பேன்."

"நியாயமான பதில்" என்றான் பாஸ்தியன். "ஆனா லோயிக்குக்கு உன் மேல கோபம். நீ பாஸ் கொடுத்தே, அவன் பேர் வாங்கினான், அந்த எரிச்சல்ல எடுத்தேன்னு சொல்றான்."

ஈரோ டேப்பை நிறுத்தினான். "எந்த பாஸ்?"

"வியாழக்கிழமை கடைசி கோலுக்கு. வலது ஓரத்துலேருந்து."

"நான் கொடுக்கல."

"ஏய், தன்னடக்கமெல்லாம் வேண்டாம். ரேடியோவுல நானே கேட்டேன்." வியாழக்கிழமை பாஸ்தியனை ஓடில் வேறொரு கேஸுக்காகக் காருக்குள்ளேயே உட்கார வைத்திருந்தார். இந்த சீசனில் அவன் நேரில் பார்க்காத ஒரே சொந்த ஊர் ஆட்டம் அது. இன்னும் அந்தக் கடுப்பு ஆறவில்லை. "'புல்க்கா, புல்க்கா, வலது ஓரத்தில் புல்க்கா'ன்னு அந்த வர்ணனையாளர் தொண்டை கிழியக் கத்தினாரு."

"நான் தண்டனைப் பெட்டியில உக்காந்திருந்தேன்" என்றான் ஈரோ. "ஏரிக்கரைக்காரன் காலைத் தட்டி விட்டேன். ரெண்டு நிமிஷம் வெளியே. கண்ணாடி வழியா கோலைப் பார்த்தேன். பாஸ் கேப்டன் கொடுத்தது. இடது பக்கம். ரேடியோக்காரன் நம்பரைக் குழப்பிட்டான். நேத்து சாயங்காலம் மன்னிப்பு கேட்டான்."

"இடது பக்கமா?" என்றார் ஓடில்.

"இடது."

"கோலுக்கு முன்னாடி லோயிக்கை யாராவது மோதினாங்களா?"

ஈரோ ஓடிலை நிமிர்ந்து பார்த்தான். "மூணாவது பகுதி, கடைசிப் பகுதி ஆரம்பத்துல. பெரிய ஆள் ஒருத்தன், ஓரத்துப் பலகையோட சேர்த்து இடிச்சான். லோயிக் உடனே எழுந்தான். சிரிச்சான். எல்லாம் சரின்னான். டாக்டர் பார்த்தாரு, அவர்கிட்டயும் சரின்னான்." மறுபடி டேப் சுற்ற ஆரம்பித்தான். இரண்டு சுற்றுக்கு அப்புறம் சொன்னான்: "நான் அவன்கிட்டேருந்து எதுவும் எடுக்கல. அவன் இல்லாம நான் இங்க யாரு? குளிர்ல நிக்கற ஒரு பின்லாந்துக்காரன். அந்த மாதிரி பின்லாந்துலயே நிறையப் பேர் இருக்காங்க."

காரில் ஏறியதும் பாஸ்தியன் ஈரோ சொன்னதை இரண்டு தரம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தான். எங்கேயோ இடித்தது. எங்கே என்று பிடிபடவில்லை.

"அடுத்தது யார் வீடு மேடம்?"

"லோயிக் வீடு."

"திருட்டுக் கொடுத்தவன் வீட்டுக்கா?"

"சீஸ் அவனோடது. உரியவர்கிட்ட ஒப்படைக்கணும்ல?"

*

நல்ல நண்பகல். லோயிக் வீட்டு ஜன்னல்கள் எல்லாம் மரக்கதவு போட்டு மூடியிருந்தன. மணியடித்ததும் அவன் மனைவி ஸோலீன் விரலை உதட்டில் வைத்தபடி கதவைத் திறந்தாள்.

"மெதுவா பேசுங்க. தலைவலின்னு படுத்திருக்கார். பெரிய ஆட்டம், பதட்டம்."

"எப்போலேருந்து?"

"நேத்துலேருந்து."

அதற்குள் லோயிக்கே எழுந்து வந்துவிட்டான். மங்கிய கூடத்தில் கறுப்புக் கண்ணாடியோடு நின்றான். "கிடைச்சுதா?"

"கிட்ட வந்துட்டோம்" என்றார் ஓடில். "ஒரு சின்ன உதவி. வியாழக்கிழமை கொலெத் கொடுத்த சீஸை நான் பார்க்கணும்."

"என் சீஸையா? எதுக்கு?"

"அலமாரில இருந்ததோட ஒப்பிட்டுப் பார்க்க."

"ஓ." அவனுக்கு அது நியாயமாகப் பட்டது. "கீழே நிலவறைல இருக்கு. பையோட தொங்குது, நேத்து பார்த்தேன். ஈஸ்டருக்கு வெட்டலாம்னு இருக்கேன்."

பாஸ்தியன் தன் கக்கத்தைப் பார்த்தான். பிறகு ஓடிலைப் பார்த்தான். ஓடில் கண்ணாலேயே 'பேசாதே' என்றார். காலையிலிருந்து அவர் சொல்லி அவன் கேட்டது அது ஒன்றைத்தான்.

லோயிக் நிலவறைப் படியில் இறங்கும் சத்தம் கேட்டது. கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கினான்.

"இந்தத் தடவை கொலெத் ரொம்பப் பெருசா கொடுத்திருக்கா" என்றாள் ஸோலீன், பேச்சுக்காக. "பை உப்பிக்கிட்டு நிக்குது."

லோயிக் மேலே வந்தான். கையில் மாட்டுப் படம் தைத்த துணிப்பை. மேசை மேல் வைத்து, கயிற்றை அவிழ்த்து, உள்ளே கையை விட்டு எடுத்தான்.

மஞ்சள் ஹெல்மெட்.

லோயிக் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு பையைத் தலைகீழாக உதறினான். இன்னும் ஏதாவது விழும் என்று எதிர்பார்த்தவன் போலிருந்தது.

"ஈரோ..." என்று ஆரம்பித்தான். "ஈரோ என் வீட்டுக்குள்ளயே வந்து..."

"லோயிக்" என்றாள் ஸோலீன். அவள் குரல் மாறியிருந்தது. "யாரும் வரல. அந்தப் பையை நீதான் கொண்டு வந்தே. வியாழக்கிழமை என்னை வண்டி ஓட்டச் சொல்லிட்டு, வழி பூரா மடியிலேயே வச்சிருந்தே. நீயேதான் கீழே கொண்டுபோய் மாட்டினே."

பாஸ்தியன் துண்டைப் பிரித்து, சாமியார்த் தலையை ஹெல்மெட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். இப்போது எல்லாருக்கும் புரிந்தது. ஹெல்மெட் இருக்க வேண்டிய இடத்தில் சீஸ் இருந்தால், சீஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஹெல்மெட். இதில் திருடனுக்கு வேலையே இல்லை. ஒரே ஆள், இரண்டு கையிலும் இரண்டு உருண்டை. எதை எங்கே வைப்பது என்று மாறிப்போய்விட்டது.

"உக்காருங்க" என்றார் ஓடில். அவர் குரலில் விசாரணை இல்லை. "ஈரோ பாஸ் கொடுத்தான்னு சொன்னீங்க. அவன் அப்போ தண்டனைப் பெட்டியில இருந்தான். ஈரோ கொடுத்ததா சொன்னது ரேடியோ மட்டும்தான், அதுவும் தப்பா. கோல் அடிச்சவர், அது எப்படி நடந்துச்சுன்னு ரேடியோவைக் கேட்டு ஏன் தெரிஞ்சுக்கணும்?"

லோயிக் கண்ணாடியைக் கழற்றினான். வெளிச்சமே இல்லாத கூடத்திலும் கண்ணைச் சுருக்கினான்.

"ரெண்டாவது இடைவேளைல ஆரஞ்சு தின்னேன்" என்றான். "அது ஞாபகம் இருக்கு. அடுத்தது வெள்ளிக்கிழமை காலைல இந்த மேசைல காப்பி. நடுவுல ஒண்ணுமே இல்ல. கோல் அடிச்சேன்னு ரேடியோ சொன்னப்போ சந்தோஷமா இருந்துச்சு. யாரோ நல்லவன் ஒருத்தன் அடிச்ச மாதிரி."

"என்கிட்ட சொல்லலையே" என்றாள் ஸோலீன்.

"சரியாயிடும்னு நினைச்சேன். ஆனா ஹெல்மெட்டை அவன்தான் எடுத்தான்னு நிஜமாவே நம்பினேன், மேடம். பொய் சொல்லல."

"தெரியும்."

லோயிக் ஹெல்மெட்டைப் பைக்குள் போட்டான். கயிற்றைக் கட்டினான். பிறகு ஓடிலை விட்டுவிட்டுப் பாஸ்தியனிடம் திரும்பினான்.

"நீ தெற்குப் பக்கம் நிக்கறவன்தானே? மத்தளம் அடிக்கிறவனுக்கு ரெண்டாவது ஆள். எனக்குத் தெரியும். பாரு, ஹெல்மெட் கிடைச்சாச்சு, கேஸ் முடிஞ்சது. எங்கேயோ பெஞ்சுக்குக் கீழே இருந்துச்சுன்னு சொல்லு. ஈரோகிட்ட நான் மன்னிப்பு கேட்டுக்கறேன். இன்னிக்கு ஒரே ஒரு ஆட்டம். அப்புறம் டாக்டர் சொல்றபடி ஒரு மாசம் இருட்டுல படுத்துக்கறேன். நீ சொன்னா மேடம் கேப்பாங்க."

அவன் பள்ளியில் படித்த காலத்துக்குப் பிறகு இந்த ஊர் பிளே-ஆஃப் பார்த்ததில்லை. பனியிலும் மழையிலும் தோல்வியிலும் நின்ற குளிர்காலங்கள் எல்லாம் இந்த ஒரு சாயங்காலத்துக்காகத்தான் என்று அவன் நம்பியிருந்தான். பெஞ்சுக்குக் கீழே. இரண்டே வார்த்தை. எவ்வளவு சுலபமாக வருகிறது. ஒரு வேடிக்கையாவது சொல்லித் தப்பிக்கலாம் என்று தேடினான். முதல்முறையாக ஒன்றும் கிடைக்கவில்லை.

"எனக்கு நீ ஆடணும்" என்றான். "ரொம்ப ஆடணும். அதனாலதான் என்கிட்ட கேக்கக் கூடாது. நீ மூச்சு இல்லாமக் கிடந்தாக்கூட ஒரு பகுதி மட்டும் இறங்கிட்டு வான்னு சொல்ற ஆளுங்க நாங்க. எங்க பேச்சைக் கேட்டு யாராவது தலையை நீட்டுவாங்களா? டாக்டரைக் கேளு. ஸோலீனைக் கேளு. என்னை மட்டும் கேக்காதே, லோயிக்."

ஸோலீன் எழுந்து போய்க் கார் சாவியை எடுத்தாள்.

"எனக்கு வேலை கொடுத்தவர் புவாயா" என்றார் ஓடில். "ஹெல்மெட் எங்கே இருந்துச்சுன்னு அவர்கிட்ட நான் சொல்லியாகணும். அது எப்படி அங்கே போச்சுங்கறதை நீங்களே சொன்னா நல்லா இருக்கும்."

லோயிக் பையின் மேலிருந்த மாட்டுப் படத்தைத் தடவினான். "பஸ் எத்தனை மணிக்கு?" என்றான்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. "ரெண்டு மணிக்கு" என்றான் பாஸ்தியன். "நேரம் இருக்கு."

*

பஸ் புகை விட்டுக்கொண்டு நின்றது. அணி முழுக்கப் பையோடு வெளியே கூடியிருந்தது. லோயிக் காரிலிருந்து இறங்கி நேராக ஈரோவிடம் போனான். எல்லாருக்கும் கேட்கும்படியாகவே பேசினான்.

"திருடினது நான்தான். என்கிட்டேருந்தே திருடி வீட்டுல கொண்டுபோய் வச்சுட்டு, மறந்தும் போயிட்டேன். காலைலேருந்து உன்னைத் திட்டினதுக்கு மன்னிச்சுக்கோ. நான் வரல. வியாழக்கிழமை இடிச்சதுல தலைல அடிபட்டிருக்கு." ஹெல்மெட்டை நீட்டினான். "ரெண்டாவது நீதானே. போட்டுக்கோ."

ஈரோ அதை வாங்கினான். கம்பளித் தொப்பியைக் கழற்றிவிட்டுப் போட்டுப் பார்த்தான். அது காதுவரை இறங்கியது.

"பெருசு" என்றான். "உன் தலை ரொம்பப் பெருசு. உள்ள நிறைய இடம் இருக்கு. ஞாபகம் எங்கேயாவது மூலைல கிடக்கும். தேடு."

பிறகு அவன் கற்றுவைத்திருந்த பிரெஞ்சிலிருந்து மிக நீளமான கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லி லோயிக்கைக் கட்டிக்கொண்டான்.

புவாயா பஸ் படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் கத்துவார் என்று பாஸ்தியன் எதிர்பார்த்தான். அவர் கிளப் டாக்டரைக் கூப்பிட்டு, தணிந்த குரலில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இன்னிக்கு அந்த ஆள் இவனை இன்னொரு தடவை இடிச்சிருந்தா?" டாக்டர் லோயிக்கின் கையைப் பிடித்துக் காருக்குக் கூட்டிக்கொண்டு போனார். புவாயா ஓடிலிடம் வந்து கை கொடுத்தார். பஸ் நேரத்துக்குக் கிளம்பியது.

வால்நுவார் தோற்றது. மூன்றுக்கு இரண்டு, அதுவும் கூடுதல் நேரத்தில். இரண்டு கோலும் ஈரோ அடித்தான்; இந்தத் தடவை வர்ணனையாளர் பெயரைச் சரியாகச் சொன்னார். ஓட்டலில் ரேடியோவைச் சுற்றி நின்ற கூட்டம் ஆட்டம் முடிந்ததும் தோற்ற அணிக்காகக் கைதட்டியது. ஓடிலும் அங்கே வந்திருந்தார். கோட்டைக் கழற்றாமல் மூலையில் நின்று, "கூடுதல் நேரம்னா என்ன?" என்று பாஸ்தியனிடம் கேட்டார். அவன் அழுதுகொண்டே விளக்கினான்.

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். "மருந்து கொடுத்திருக்கோம், தூங்கித் தூங்கி எழுவார்" என்றாள் நர்ஸ். "கேட்டதையே திரும்பக் கேப்பார். கோவிச்சுக்காதீங்க." இரவெல்லாம் விழித்திருந்த ஸோலீனை ஓடில் காப்பிக்குக் கூட்டிப் போனார். திரை போட்ட அறையில் பாஸ்தியன் மட்டும் உட்கார்ந்தான்.

"ஜெயிச்சோமா?" என்றான் லோயிக், கண்ணைத் திறக்காமல்.

பாஸ்தியன் எல்லாவற்றையும் சொன்னான். ஈரோ ஒருவனைத் தாண்டி அடித்த முதல் கோலையும், கூடுதல் நேரத்தில் கம்பியில் பட்டுத் திரும்பிய அடியையும். லோயிக் தூங்கிப்போனான். கொஞ்சம் கழித்து விழித்து, "ஜெயிச்சோமா?" என்றான். பாஸ்தியன் மறுபடி முதலிலிருந்து சொன்னான். தோல்வியை மாற்ற முடியாது. மற்றதைக் கொஞ்சம் அழகு பண்ணலாம் என்று தோன்றியது. இந்த முறை ஈரோ இரண்டு பேரைத் தாண்டினான். லோயிக் புன்னகை செய்துவிட்டுத் தூங்கினான்.

மூன்றாம் தரம் அவன் கேட்டபோது பாஸ்தியனுக்குக் கதை நன்றாகப் பழகியிருந்தது. "நடு ஐஸ்லேருந்து கிளம்பினான் ஈரோ. ஒருத்தன் வந்தான், போனான். இன்னொருத்தன் வந்தான், விழுந்தான். மூணாவது ஆள் அந்தப் பெரிய ஆளு, உன்னை இடிச்சவன்..."

"இரு" என்றான் லோயிக். கண்ணைத் திறந்து பார்த்தான். "போன தடவை சொன்னப்போ ரெண்டு பேரைத்தானே தாண்டினான்?"

பாஸ்தியன் நாற்காலியைத் தள்ளிவிட்டு, ஸோலீனைக் கூப்பிட நடைக்கூடத்தில் ஓடினான்.